பிளோறன்ஸின் வெள்ளைப் பெட்டி

பிளோறன்ஸைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு வயிறு எரியும். அதை ஒளித்து என்ன செய்ய? முப்பத்துநான்கு வருடப் பழக்கம். என் பிள்ளைப்பேற்றுக்குச் சரக்குக்கறி காய்ச்சித் தந்தவள். இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று மாதம் என் வேலையையும் சேர்த்துச் செய்தவள். எல்லாம் உண்மைதான். இருந்தும் எரியும்.

தொண்ணூற்றோராம் ஆண்டு கோஸ்லாருக்கு வெளியே ஓர் அகதி விடுதியில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை கிடைத்தது. நான் பாலாம்பிகை, யாழ்ப்பாணம். அவள் மன்னார்க்காரி. என் கட்டிலுக்கு மேலே பிள்ளையார் படம், அவளுடைய கட்டிலுக்கு மேலே மாதா படம். வேலைக்கு அனுமதி வந்ததும் இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தோம். எட்டு மாதத்தில் அவள் ஜெர்மன்காரரின் டொச் மொழி கதைத்தாள். எனக்கு எட்டு வருடம் எடுத்தது.

அவளுக்கு மூளை கூட என்று நினைத்துவிட வேண்டாம். வெட்கம் குறைவு, அவ்வளவுதான். தெரியாததை யாரிடமும் கேட்பாள். பஸ் சாரதியிடம் கேட்பாள், தபால்காரனிடம் கேட்பாள், பள்ளிக்கூட அதிபரைப் படிக்கட்டில் மறித்து, "இந்தக் கடுதாசியில என்ன எழுதிக்கிடக்கு?" என்று கேட்பாள். நான் கேட்கமாட்டேன். கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே!

கேட்டுக் கேட்டே அவள் நகரசபை அலுவலகத்தில் நிரந்தரத் துப்புரவு வேலை எடுத்தாள். நான் வெள்ளைக்காரரின் வீடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்கென்றும் ஒன்று இருந்தது. என் மூக்கு.

சிரிக்கவேண்டாம். இருபத்தாறு வருடம் அடுத்தவர் வீடுகளைத் துப்புரவாக்கியவளுக்கு வீட்டைப் பற்றி வீட்டுக்காரரை விடக் கூடத் தெரியும். வாசலில் கால் வைத்ததும் பூஞ்சணம் எந்த அறையில் என்று சொல்லிவிடுவேன். குசினித் தொட்டிக்குக் கீழே தலையை விட்டு ஒரு தரம் மூச்செடுத்தால் குழாய் எப்போது ஒழுகியது என்று தெரியும். புதுப் பெயின்ற் அடித்து ஈரத்தை மறைத்தவர்களை எத்தனை தரம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்! கோஸ்லாரிலும் சால்ஸ்கிற்றரிலும் எங்கள் ஆட்கள் வீடு வாங்குவதென்றால் முதலில் காரைக் கொண்டுவந்து என்னை ஏற்றிக்கொண்டு போவார்கள். "பாலாக்கா மணந்து பாத்திட்டா" என்றால் பிறகு மறு கதை இல்லை. புது வீட்டுக் குடிபூரலுக்குப் போனால் எனக்குத்தான் முன் கதிரை. பிளோறன்ஸ் எங்கேயோ பின்னுக்கு நின்று தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். எனக்கு அது போதுமாயிருந்தது.

நாலு வருடத்துக்கு முன் அந்தக் கோதாரி விழுந்த டப்பா வந்தது.

பிளோறன்ஸ் வேலை செய்யும் கட்டடத்தின் கெல்லரில், அதுதான் நிலவறையில், ஓர் அலுமாரிக்கு மேலே சின்னக் கறுப்பு டப்பா ஒன்று இருந்திருக்கிறது. தூசி துடைக்கப் போனவள் குப்பை என்று எடுத்து எறிந்துவிட்டாள். சில மாதம் கழித்து ஒரு மனிதர் அதைத் தேடி வந்தார். எங்களுடைய மலைப்பக்கத்தில் நிலத்துக்கடியில் இருந்து ராடான் என்று ஒரு வாயு வருகிறதாம். அதனால் வேலைத்தலங்களில் கீழ் அறைகளை அளக்க வேண்டும் என்று சட்டமாம். அந்த டப்பாதான் அளக்கிற சாமான். ஒரு வருடம் அசையாமல் இருக்க வேண்டியதாம். நானென்றால் "காணேல்லை" என்று சொல்லிவிட்டு வாளியோடு போயிருப்பேன். இவள் என்ன செய்தாள் தெரியுமா? நேரே போய், "நான்தான் எறிஞ்சனான்" என்றாள். அந்த மனிதர் திட்டத் தொடங்க, இவள் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டாள். அது என்ன வாயு? எங்கேயிருந்து வருகிறது? வீட்டுக்குள்ளும் வருமா?

அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டுக் குசினியில் இருந்து எனக்கும் இவருக்கும் விளக்கினாள்.

"கல்லுக்குள்ளயிருந்து வாற வாயு பாலா. மணமில்லை, நிறமில்லை. கெல்லர் வெடிப்புக்குள்ளால, குழாய் போற ஓட்டைக்குள்ளால ஏறி வீட்டுக்குள்ள வரும். வெளியில வந்தாக் காத்தோட போயிடும். பூட்டின அறைக்குள்ள நிண்டுதெண்டால் சேந்துகொண்டு போகும். கனவருஷம் அதைச் சுவாசிச்சா நெஞ்சுக்குள்ள புற்றுநோய் வருமாம். முந்நூறுக்கு மேல போனா யோசிக்கவேணும்."

"என்ன முந்நூறு?" என்று இவர் கேட்டார்.

"அது ஒரு அளவு அண்ணை. பெக்கெரல் எண்டு சொல்லுவினம்."

மணமில்லை என்று அவள் சொன்ன இடத்திலேயே எனக்குச் சுருக்கென்றது. என் மூக்கால் பிடிக்க முடியாத ஒன்று வீட்டுக்குள் இருக்கிறது என்று என் குசினியில் இருந்தே சொல்கிறாளே! "உதெல்லாம் பேய்க்கதை" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் விடவில்லை. கைக்குள் அடங்கும் வெள்ளைப் பெட்டி ஒன்று வாங்கினாள். ஓர் அறையில் வைத்தால் ஒரு நாளில் நம்பர் காட்டத் தொடங்கும். ஒரு கிழமை வைத்தால் ஓரளவு நம்பலாமாம். முதலில் தன் வீட்டில் வைத்தாள், பிறகு தெரிந்தவர்களுக்கு இரவல் கொடுத்தாள். அவர்களில் ஒருத்தியான புஷ்பராணி வாங்க இருந்த மலைப்பக்கத்து வீட்டில் அது ஆயிரத்துக்கு மேல் காட்டியது. நான் மணந்து பார்த்து நல்லது என்று சொன்ன வீடு அது. புஷ்பராணி அதை விட்டுவிட்டு வேறு வீடு வாங்கினாள். அந்தக் குடிபூரலில் முன் கதிரையில் பிளோறன்ஸ் இருந்தாள். என்னை யாரும் எழுப்பிவிடவில்லை. போனபோது அந்தக் கதிரையில் ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வீடு பார்க்க என்னைக் கூப்பிடுவது குறைந்தது. பிறகு நின்றே போனது. "உன்ர மூக்குக்குப் பென்சன் குடுத்திட்டினம்" என்று இவர் பகிடி விட்டார். அன்றைக்கு இவருக்குப் பழஞ்சோறுதான் கொடுத்தேன்.

கடைசியில் என் மகள் நிருஷாவும் மருமகன் மிதுஷனும் வீடு தேடத் தொடங்கினார்கள். நிருஷாவுக்கு அப்போது ஏழாம் மாதம். நகரத்திலிருந்து பஸ்ஸில் கால் மணித்தியாலம், மலையடியில் ஒரு வீடு. இருந்த கிழவி முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாள், மகன் விற்கிறான். சரிவில் கட்டியபடியால் கீழே பாதி நிலத்துக்குள்ளும் பாதி வெளியிலுமாக ஒரு பெரிய அறை. நான் மேலும் கீழும் போனேன். அலுமாரிகளைத் திறந்தேன், மூலைகளில் முகம் வைத்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. இருபத்தாறு வருடத்தில் அப்படிச் சுத்தமான மணம் உள்ள வீட்டை நான் கண்டதில்லை.

"வாங்குங்கோ பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கோ" என்றேன்.

நிருஷா என்னைக் கட்டிப்பிடித்தாள். கட்டிப்பிடித்தபடியே சொன்னாள்: "பிளோறன்ஸ் அன்ரியையும் கேட்டனாங்களம்மா. ஞாயிற்றுக்கிழமை பெட்டியோட வாறா."

"நான் பாத்தது காணாதோ?"

"ஐயோ மாமி, ஒரு கிழமைதானே" என்று மிதுஷன் இடையில் வந்தான். "கிழவியின்ர மகன் வீட்டுத் திறப்பும் தந்திட்டார்."

பெற்ற பிள்ளை! என் வயிற்றில் பிறந்தது! ஊராருக்குத்தான் பெட்டி வேண்டியிருந்தது என்றால், என் பிள்ளைக்குமா?

ஞாயிறு காலை பிளோறன்ஸ் வந்தாள். கீழறையின் நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு அதன்மேல் பெட்டியை வைத்தாள். "ஏழு நாளைக்கு ஒருத்தரும் யன்னல் திறக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் யன்னல்களைத் திறக்கிறவள் நான் என்பது அவளுக்குத் தெரியும். நிருஷா அவளுக்கு முட்டைமா பிட்டு அவித்துக் கட்டிக் கொடுத்தாள். எனக்கு அதைப் பார்க்கவும் பொறுக்கவில்லை.

திங்கட்கிழமை யன்னல்களுக்குச் சீலை அளக்கவேண்டும் என்று சொல்லித் திறப்பை வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். உண்மையாகவே அளக்கத்தான் போனேன். மேலே அளந்து முடித்துக் கீழே இறங்கினேன். பெட்டி நம்பர் காட்டிக்கொண்டிருந்தது. நானூற்று எண்பது.

அந்த நம்பரை நான் பார்த்தேன். கண்ணாடி போட்டு, குனிந்து, இன்னொரு தரமும் பார்த்தேன். பிறகு என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகளை நினைக்கவில்லை, வயிற்றுப் பிள்ளையை நினைக்கவில்லை. இந்த நம்பரோடு பிளோறன்ஸ் மேலே ஏறி வருவாள், எல்லாரும் அவளைச் சுற்றி நிற்பார்கள், நான் ஒரு மூலையில் நிற்பேன் என்பதைத்தான் நினைத்தேன். பெட்டி மிகைப்படுத்திக் காட்டுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீழறை பழைய சாமான் போடுகிற இடந்தானே, யார் அதற்குள் கிடக்கப்போகிறார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் காற்றை எப்படி ஓட்டுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. கீழறையின் இரண்டு யன்னல்களையும் கெல்லர்க் கதவையும் அகலத் திறந்துவிட்டேன். மாசி மாதக் குளிர் பாய்ந்து உள்ளே வந்தது. பின்னேரம் போய்ப் பூட்டினேன். அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும். அளக்கிற நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு போவேன், யாரும் கண்டால் சொல்ல. நம்பர் இறங்க இறங்க எனக்குச் சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்த ஞாயிறு பிளோறன்ஸ் வந்து பெட்டியை எடுத்தாள். நூற்று முப்பத்தெட்டு.

"மாதாவே, நல்ல வீடு" என்றாள். அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். "வாங்கினாப் பிறகு ஒரு வருஷம் டப்பா வைச்சு ஒழுங்கா அளக்கவேணும் பிள்ளை. ஆனா இப்ப பயப்பிட ஒண்டுமில்லை."

"நான் அப்பவே சொன்னனான். உந்தப் பெட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியவேணுமோ?" என்றேன்.

"ஓம் பாலா, உன்ர மூக்கு மூக்குத்தான்" என்று அவள் சிரித்தாள். அன்று அவளுக்கு நானே மீன் பொரித்துப் போட்டேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு, வீட்டு உறுதி எழுதும் நோட்டாரிடம் கையெழுத்து வைக்க நேரம் எடுத்தார்கள். செவ்வாய் பின்னேரம் நிருஷா என்னை அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மெல்ல மெல்லப் படியிறங்கிக் கீழறைக்கு வந்து, கையில் வைத்திருந்த பெயின்ற் அட்டைகளைச் சுவரில் பிடித்துக் காட்டினாள்.

"இந்த மஞ்சள் நல்லாயிருக்கோ அம்மா? இதுதான் பிள்ளையின்ர அறை. நான் வீட்டிலயிருந்துதானே வேலை செய்யப்போறன். இதில என்ர மேசை, அதில தொட்டில். நாள் முழுக்க ரெண்டு பேரும் இதுக்குள்ளதான்."

நான் மஞ்சள் நல்லது என்று சொன்னேனா, பச்சை நல்லது என்று சொன்னேனா, இப்போது நினைவில்லை. அவள் தொட்டில் வைக்கக் காட்டிய இடத்தில்தான் அந்த முக்காலி நின்றது.

மகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புதன்கிழமை காலை பிளோறன்ஸ் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனேன். மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு ஈரப்படியிலேயே இருந்துவிட்டாள்.

"நம்பரைப் பாத்தனியோ?"

"ஓம்."

"எத்தினை?"

"நானூற்றி எண்பது."

"பாத்துப்போட்டே திறந்தனி?"

"ஓம்."

"உனக்கு விசரோடி!" அவள் போட்ட சத்தத்தில் மேல்மாடியில் ஒரு கதவு திறந்தது. "உன்ர பிள்ளையடி! அறுவாளே, உன்ர பேரப்பிள்ளை! என்னில கோவமெண்டா என்ர பெட்டியைத் தூக்கி என்ர தலையில எறிஞ்சிருக்கலாமே! நான் உனக்கு என்னடி செய்தனான்?"

"ஒண்டும் செய்யேல்லை. எல்லாரும் உன்னைக் கூப்பிடுகினம். அதுதான்" என்றேன்.

அவள் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். "அவளுக்கு இப்ப எட்டாம் மாதம். இந்த நேரத்தில தாய் இப்பிடிச் செய்தவள் எண்டு கேக்கக்கூடாது. நீ வாயைத் திறக்காத" என்றாள். நான் தடுக்க முதல் நிருஷாவோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, நான் ஒரு பிழை விட்டிட்டன். முந்தி வைச்ச வீட்டின்ர கணக்கை அழிக்காமல் பெட்டியை உங்கட வீட்டில வைச்சிட்டன். அந்த நம்பர் பிழை. நாளைக்குக் கையெழுத்து வைக்காதேங்கோ. திரும்ப அளக்கவேணும்... ஓம் பிள்ளை... ஓம், என்ர பிழைதான்."

நிருஷா கத்தியது எனக்கும் கேட்டது. இத்தனை பேர் உங்களை நம்பி வீடு வாங்குகிறார்களே அன்ரி, இதுகூடத் தெரியாமலா பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிகிறீர்கள் என்று கேட்டாள். பிளோறன்ஸ் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் சொன்னதற்காகத் திறக்கவில்லை என்று சொல்லலாம். பயத்தில் திறக்கவில்லை என்பதுதான் சரி.

இரண்டாம் தரம் வைத்தபோது திறப்பைப் பிளோறன்ஸ் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அறுநூற்றுப் பத்து காட்டியது. கிழவியின் மகன் முதலில் முரண்டு பிடித்தான். பிறகு ஒரு கொம்பனியைக் கூப்பிட்டு, கெல்லர் வெடிப்புகளையும் குழாய் ஓட்டைகளையும் அடைத்து, நிலத்துக்கடியிலிருந்து வாயுவை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறி ஒன்றும் பூட்டிக் கொடுத்தான். நம்பர் நூறுக்குக் கீழே வந்து, பல நாள் அப்படியே நின்ற பிறகுதான் கையெழுத்து வைத்தார்கள். அதற்குள் பேத்தியும் பிறந்துவிட்டாள்.

வீடு தப்பியது. பிளோறன்ஸ் தப்பவில்லை. பெட்டியின் பழைய கணக்கை அழிக்கத் தெரியாத மனுசி என்ற கதை இரண்டே நாளில் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் போய்விட்டது. அவளைக் கூப்பிட்டவர்கள் கூப்பிடாமல் விட்டார்கள். பெட்டி அவளுடைய அலுமாரிக்குள் போனது. ஒரு மாதத்துக்குள் என் போன் அடிக்கத் தொடங்கியது. "பாலாக்கா, ஒருக்கா வந்து மணந்து பாருங்கோ." போனேனா என்று கேட்கிறீர்களா? போனேன். வெட்கமில்லாமல் இரண்டு வீட்டுக்குப் போனேன். காரில் முன் சீற்றில் இருந்து போனேன்.

ஆவணி மாதம் நிருஷாவின் குடிபூரல். பால் காய்ச்சி, ஐயர் போன பிறகு, எல்லாரும் தட்டோடு நின்றார்கள். முன் கதிரையில் நான் இருந்தேன். பிளோறன்ஸ் பின்னால் நின்று தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், அந்த நாளையப்போல. சால்ஸ்கிற்றரில் இருக்கும் அஜிதா, மூன்று பிள்ளைகளின் தாய், எனக்குக் கிட்ட வந்து இருந்தாள்.

"அன்ரி, நாங்களும் மலைப்பக்கமா ஒரு வீடு பாத்திருக்கிறம். கீழ ரெண்டு அறை, பிள்ளையளுக்கு விடலாம். சனிக்கிழமை வந்து பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் சரியெண்டா உடன எழுதப்போறம்."

"ராடான் அளந்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஐயோ, அந்தப் பெட்டியோ?" என்று அஜிதா உரத்துச் சிரித்தாள். "பிளோறன்ஸ் அன்ரியின்ர கணக்குத் தெரியுந்தானே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிளோறன்ஸும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள், கையில் கேத்திலோடு. அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. மூன்று பிள்ளைகள் கீழறையில் படுக்கப்போகிறார்கள், என் மூக்கை நம்பி.

"பெட்டி பிழையில்லை" என்றேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது, எல்லாரும் திரும்பினார்கள். "அவ ஒரு பிழையும் விடேல்லை. நான்தான் ஒவ்வொரு நாளும் வந்து யன்னலைத் திறந்து வைச்சனான். நம்பர் நானூற்றி எண்பது எண்டு தெரிஞ்சுகொண்டு திறந்தனான். அஜிதா, என்ர மூக்கை நம்பி அந்த வீட்டை வாங்காதேங்கோ. பெட்டியை வையுங்கோ."

"பாலா, வாயை மூடு" என்று பிளோறன்ஸ் பின்னாலிருந்து சொன்னாள்.

நிருஷா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு குசினி வாசலில் நின்றாள். "ஏனம்மா?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை.

"எரிச்சலில பிள்ளை. வேற ஒண்டுமில்லை."

அவள் என் கதிரையைத் தாண்டி நடந்தாள். பிளோறன்ஸின் கையிலிருந்த கேத்திலை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, பிள்ளையை அவளுடைய கையில் கொடுத்தாள். பேத்தி புது முகத்தைக் கண்டு அழவில்லை. கையை நீட்டி அவளுடைய சங்கிலியைப் பிடித்தாள். நான் இருந்த இடத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது.